பிடி தளர்ந்த உயிரணு

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலும், இராயபுரத்துச் சந்துகளிலும், திருவொற்றியூர் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளிலும், எண்ணூர்க் குப்பங்களிலும் புற்றுநோயைக் குறித்துப் பேச்சு எழும்போதெல்லாம், படித்தவர் படியாதவர் என்ற பேதமின்றிப் பலர் வாயிலும் வருகிற வாக்கியம் ஒன்று உண்டு. "கத்தி வெச்சா பரவிடும்" என்பதே அது. மார்பிலே தட்டுப்பட்ட கட்டியை மாதக்கணக்கில் மறைத்து வைத்திருந்த மீன் விற்கும் பெண்ணை அவள் மகள் வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல முற்பட்டால், "சதை எடுத்துப் பாக்கணும்னுவாங்க, ஒத்துக்காதம்மா, ஊசி பட்டா அது உடம்பெல்லாம் ஓடிடும்" என்று அடுத்த வீட்டு மூத்தவள் தடுத்து விடுகிறாள். அவள் அப்படிச் சொல்வது வஞ்சனையால் அன்று. மனம் நிறைந்த பரிவினால். முற்றிய நிலையில் கொண்டுபோகப்பட்டு, அறுவை செய்யப்பட்டு, சில மாதங்களுக்குள் மாண்டுபோனவர்களை அவள் கண்ணாரக் கண்டிருக்கிறாள்; அறுவை முன்னும் மரணம் பின்னுமாக நிகழ்ந்தமையால், முன்னதே பின்னதற்குக் காரணம் என்று அவள் உள்ளம் முடிவு கட்டிவிட்டது.

இந்த அச்சத்தை அறியாமை என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. அதற்குள்ளே மெய்யான கேள்வியொன்று அடங்கியிருக்கிறது. ஓரிடத்தில் பிறந்த நோய் அவ்விடத்தை விட்டுப் புறப்பட்டு, ஈரலிலும் எலும்பிலும் நுரையீரலிலும் குடியேறுவது எவ்வாறு? அதைப் புறப்படச் செய்வது மருத்துவரின் கத்தியா, அன்றி நோய்ப்பட்ட உயிரணுவின் ஸ்வபாவமே அதுதானா? திடமான கட்டியாகத் தோன்றும் புற்றுநோய்களால் இறப்பவர்களில் பெரும்பாலோரைக் கொல்வது முதலில் எழுந்த கட்டி அன்று, அதிலிருந்து பரவிச் சென்றவையே என்பதை நினைத்தால், மீன்காரப் பெண்ணின் வீட்டு வாசலில் எழுந்த அக்கேள்வியே நூறாண்டுகளாக ஆராய்ச்சிசாலைகளிலும் கேட்கப்பட்டு வந்திருக்கிறது என்பது விளங்கும்.

விடை, உயிரணுக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் பிடியில் இருக்கிறது. நம் சரீரம் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது என்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். ஆனால் அவை ஏன் உதிர்ந்து விழாமல் சேர்ந்திருக்கின்றன என்று கேட்பவர் சிலரே. 1907-ஆம் ஆண்டில் வட கரோலினாவைச் சேர்ந்த வில்சன் என்ற உயிரியலறிஞர், உயிருள்ள கடற்பஞ்சு ஒன்றை மெல்லிய பட்டுத் துணியின் வழியே பிழிந்து தனித்தனி உயிரணுக்களாகச் சிதைத்து நீரில் விட்டபோது, அவை தாமாகவே ஊர்ந்து சென்று ஒன்றையொன்று கண்டுபிடித்து மீண்டும் கடற்பஞ்சாகக் கூடின. 1955-இல் டவுன்ஸ், ஹோல்ட்ஃபிரெட்டர் என்ற இருவர் தவளையினத்துக் கருவைப் பிரித்துக் கலந்து வைத்தபோது, தோலாகவேண்டிய உயிரணுக்கள் வெளிப்புறமும் உள்ளுறுப்பாகவேண்டியவை உட்புறமுமாகத் தாமே இனம் பிரிந்து அமைந்தன. உயிரணு தன் இனத்தை அறிகிறது, அறிந்து பற்றுகிறது என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

இவ்விரண்டு சோதனைகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், 1944-இல், பென்சில்வேனியா சர்வகலாசாலையில் கோமன் என்பார் செய்த காரியம் நம் விஷயத்துக்கு மிகவும் நெருங்கியது. உதட்டுப் புற்றிலிருந்தும் கருப்பை வாய்ப் புற்றிலிருந்தும் எடுத்த உயிரணுக்களை இணை இணையாக நுண்ணோக்கியின் கீழே வைத்து, மிக நுண்ணிய ஊசிகளால் இரு புறமும் இழுத்து, ஊசி எவ்வளவு வளைகிறது என்பதைக் கொண்டு அவற்றைப் பிரிக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று அவர் அளந்தார். நல்ல உயிரணுக்களைப் பிரிப்பதைவிடப் புற்று உயிரணுக்களைப் பிரிப்பது மிகவும் எளிதாயிருந்தது. கத்தி படுவதற்கு முன்பே அவற்றின் பிடி தளர்ந்திருந்தது என்பதே அந்த அளவையின் தாத்பரியம். இந்தச் சோதனை நம் ஊர்ப் பாடப்புத்தகங்களில் இடம்பெறவில்லையே என்று நான் பல முறை வருந்தியதுண்டு.

பிடி தளர்ந்தது என்று அறிந்தோமே அன்றிப் பிடி என்பது எந்தப் பொருள் என்று அறிய மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. ஜப்பானியரான மசதோஷி தாகெய்ச்சி, கியோட்டோவிலிருந்து அமெரிக்காவின் பால்டிமோர் நகருக்குச் சென்று வேலை செய்தபோது, தம் ஊரில் நன்றாக ஒட்டிக்கொண்ட உயிரணுக்கள் அங்கே ஒட்ட மறுப்பதைக் கண்டார். உயிரணுக்களைப் பிரிக்கப் பயன்படுத்திய திரவத்தில், சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியத்தைக் கவர்ந்து நீக்கும் இரசாயனம் ஒன்று பால்டிமோரில் கலந்திருந்தது, கியோட்டோவில் கலக்கவில்லை என்பதே வித்தியாசம். சில்லறைத் தொந்தரவென்று வேறொருவர் தள்ளியிருக்கக்கூடிய இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு அவர் மேலே சென்றதால், கால்சியம் இருந்தாலன்றி நில்லாத ஒட்டுப்புரதம் ஒன்று உயிரணுவின் மேற்பரப்பில் இருப்பதை 1977-இல் வெளியிட முடிந்தது; பின்னர் அப்புரதக் குடும்பத்துக்குக் கேடெரின் என்று பெயரும் இட்டார். அக்குடும்பத்தில், தோல், குடல், மார்பு, இரைப்பை முதலியவற்றை மூடும் உயிரணு அடுக்காகிய மேலணியை இணைத்து நிற்பது ஈ-கேடெரின். உயிரணுவின் படலத்தை ஊடுருவி நிற்கும் இதன் வெளிப்பகுதி அடுத்த உயிரணுவின் ஈ-கேடெரினைப் பற்றிக்கொள்ள, உட்பகுதியோ கெட்டெனின் என்னும் புரதங்களின் மூலமாக உயிரணுவின் எலும்புக்கூடு போன்ற இழைகளோடு பிணைந்திருக்கிறது. அந்தக் கெட்டெனின்களுள் ஒன்று, பிடி விட்டபோது உட்கருவுக்குள் சென்று வளர்ச்சிக்கு ஆணையிடவும் வல்லது. ஆகவே பிடி தளர்வது வெறும் பிரிவு மாத்திரமன்று. உயிரணுவின் நடத்தையையே அது மாற்றிவிடுகிறது.

இந்தப் பிடியைக் கண்ணால் காணும் இடம் வடசென்னையிலேயே இருக்கிறது. மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி வளர்ந்து, இன்றும் முதியவர் வாயில் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று வழங்குவதும், 1938-இல் மருத்துவக் கல்லூரியாக உயர்ந்ததுமாகிய ஸ்டான்லியைப் போன்ற அரசு ஸ்தாபனங்களின் நோய்க்குறியியல் துறைகளில், நோயாளியிடமிருந்து எடுத்த சதைத் துணுக்கு ஃபார்மலினில் ஊறி, மெழுகில் பதிக்கப்பட்டு, மூன்று நான்கு மைக்ரான் கனமுள்ள ஏடுகளாகச் சீவப்பட்டுக் கண்ணாடித் தகட்டில் ஏறுகிறது. அதன்மேல் ஈ-கேடெரினை மாத்திரம் தேடிப் பற்றும் எதிர்ப்பொருளை விட்டு, நிறம் காட்டும் இரசாயனத்தையும் விட்டால், புரதம் உள்ள இடம் பழுப்பாகும். ஐ.எச்.சி. என்று ஆஸ்பத்திரிகளில் சொல்லும் பரிசோதனை இதுதான். நல்ல மேலணியில் ஒவ்வொரு உயிரணுவைச் சுற்றியும் தெளிவான பழுப்புக் கோடு ஓடும். பிடி தளர்ந்த புற்றில் அக்கோடு அறுந்தும், மங்கியும், சிலவற்றில் முற்றும் இல்லாமலும் இருக்கும். தமிழ்நாட்டின் மருத்துவ மேற்படிப்பு மாணாக்கர் பலர் இந்தப் பழுப்பை எண்ணியும் தரம் பிரித்தும் ஆய்வேடுகள் எழுதியிருக்கிறார்கள். எழுதிப் பட்டம் பெற்றபின் அவ்வேடுகள் அலமாரியில் உறங்குவது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது.

நம் பிரதேசத்துக்கு மிகவும் பொருந்திய உதாரணம் இரைப்பைப் புற்றுநோய். அடையாறு புற்றுநோய் நிலையம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் திட்டத்தின்படி 1980-களின் தொடக்கத்திலிருந்து நடத்திவரும் சென்னைப் பதிவேட்டில், ஆண்களிடையே இரைப்பைப் புற்று நெடுங்காலம் முன்வரிசையில் நின்றது. 1965-இல் பின்லாந்து அறிஞர் லாரென் இந்நோயை இரண்டு வகையாகப் பிரித்தார். ஒன்று குடலின் சுரப்பிகளைப் போல உருவெடுத்துக் கட்டியாக எழுவது. மற்றொன்று, பரவு வகை எனப்படுவது, கட்டியே தோன்றாமல், தனித்தனி உயிரணுக்கள் இரைப்பைச் சுவருக்குள் ஊடுருவிப் பரவி, சுவரைத் தடித்து விறைக்கச் செய்வது. பின்னதில் உயிரணுக்கள் ஏன் ஒன்றுசேர்வதில்லை என்பது முப்பது ஆண்டுகள் புதிராக இருந்தது. ஈ-கேடெரினை உண்டாக்கும் மரபணுவாகிய சி.டி.எச்.1 கெட்டுவிடுவது இவ்வகையில் சர்வசாதாரணம் என்பது தெரிந்தபோது புதிரும் அவிழ்ந்தது. நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பம் ஒன்றில் இளவயதினர் தலைமுறை தலைமுறையாக இரைப்பைப் புற்றுக்கு இரையாகிவந்தனர். அக்குடும்பத்தார் தாமே முன்வந்து அறிஞர்களை நாடியதன் பயனாக, பிறவியிலேயே அம்மரபணு பழுதாகி வருவதுதான் காரணம் என்று கில்ஃபோர்டும் அவரது குழுவினரும் 1998-இல் நிரூபித்தார்கள். இன்று அப்பழுதைச் சுமப்பவர்களுக்கு, நோய் தோன்றும் முன்பே இரைப்பையை முழுவதும் அகற்றிவிடுவது பற்றி ஆலோசனை சொல்லப்படுகிறது. கத்திக்கு அஞ்சிய நம் மூத்தவள் இதைக் கேட்டால் திடுக்கிடுவாள். ஆனால் அங்கே உயிரைக் காப்பது அந்தக் கத்தியேயாகும்.

பிறவிப் பழுது அபூர்வம். பெரும்பாலோருக்கு வாழ்நாளிலே நேரும் கேடுகளே காரணமாகின்றன. இரைப்பையில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1994-இல் புற்றுநோய்க் காரணியென அறிவித்தது. அக்கிருமி சுரக்கும் நொதியொன்று ஈ-கேடெரினின் வெளிப்பகுதியைக் கத்தரித்து, உயிரணுக்களுக்கிடையே வழி உண்டாக்கிக்கொள்கிறது என்று 2010-இல் கண்டார்கள். வீட்டாருடைய பயம் டாக்டரின் கத்தியைப் பற்றியதாக இருக்க, கத்தரிப்பவரோ உள்ளே வெகுகாலமாக இருக்கிறார்.

மார்புப் புற்றிலும் இதே கதை வேறு வேஷத்தில் நடக்கிறது. பால் நாளங்களில் எழும் சாதாரண வகையில் ஈ-கேடெரின் பெரும்பாலும் நிலைத்திருக்க, லோபுலார் என்ற வகையில் அது ஏறத்தாழ எப்போதும் இழக்கப்படுகிறது. அதனால் உயிரணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒற்றை வரிசையில் திசுவுக்குள் நுழைகின்றன. கையால் தடவினால் உருண்டையான கட்டி அகப்படாமல், தடிப்பு மாத்திரம் தோன்றுவதும், மாமோகிராமிலும் ஏமாற்றுவதும் இதன் காரணமாகவே. கட்டி இல்லையே என்று நிம்மதி அடைகிற பெண்கள், மார்பின் ஒரு பகுதி தடித்தோ இழுத்தோ காணப்பட்டாலும் காட்டவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

வாய்ப் புற்றைப் பற்றி நிறையச் சொல்லலாம்; சுருக்கமாகச் சொல்கிறேன். துறைமுகத்திலும் பட்டறையிலும் இரவு முறை வேலை பார்க்கிறவர்கள் தூக்கத்தைத் தள்ளக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் மாவா, சீவிய பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் சேர்ந்தது. குட்கா, பான் மசாலா வகைகளை 2013 மே மாதத்தில் அரசு தடை செய்தபின்னும் அது சந்துகளில் கிடைக்காமற் போகவில்லை. பாக்கு தனித்தே புற்றுநோய்க் காரணி என்பதும் அறிஞர் முடிவு. வாய் திறப்பது குறைகிறதே, காரம் பட்டால் எரிகிறதே என்ற நிலையில் வந்தால் தடுத்து நிறுத்த இடமுண்டு. புற்றாகி உள்ளே இறங்கும்போது, கட்டியின் நடுப்பகுதியில் ஈ-கேடெரின் இருக்க, முன்னேறும் விளிம்பில் மட்டும் அது மங்கியிருப்பதை அடிக்கடி காணலாம். எல்லையில் நிற்கும் உயிரணுவே முதலில் கையை விடுகிறது.

இதுவரை சொன்னதைக் கேட்டு, ஒட்டுப்புரதம் குறைந்தால் கெடுதி, மிகுந்தால் நன்மை என்று வாசகர் முடிவு செய்துவிடலாகாது. பெருங்குடல் புற்றில் இரத்தத்திலே பார்க்கும் சி.ஈ.ஏ. என்ற பரிசோதனை பல நோயாளிகளுக்குப் பழக்கமானது. 1965-இல் மாண்ட்ரீல் நகரத்தில் கோல்டும் ஃப்ரீட்மனும் கண்டுபிடித்த அப்பொருள் நெடுங்காலம் ஓர் அடையாளமாகவே கருதப்பட்டது. 1989-இல்தான் அதுவும் ஓர் ஒட்டுமூலக்கூறு என்று தெரிந்தது. நல்ல குடலில் அது உயிரணுவின், குடல் உட்குழிவை நோக்கிய முகத்தில் மட்டும் அமர்ந்திருக்கும். புற்றிலோ எல்லாப் பக்கமும் மிகுந்து, உயிரணுக்களின் ஒழுங்கான வரிசையைக் குலைத்துவிடுகிறது. எப்கேம் என்ற மற்றொரு ஒட்டுப்புரதமும் குடல், மார்பு முதலிய பல புற்றுகளில் மிகுந்தே காணப்படும்; அதைத் தூண்டிலாகக் கொண்டு இரத்தத்தில் அலையும் புற்று உயிரணுக்களைப் பிடித்து எண்ணும் கருவியை அமெரிக்கா 2004-இல் அங்கீகரித்தது. ஆனால் எப்கேமை இழந்து அலையும் உயிரணுக்கள் அந்தத் தூண்டிலுக்குத் தப்பிவிடுகின்றன. குடல் புற்றென்றதும், அடையாறு நிலையத்தை நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை நினைவுக்கு வருகிறார். மலக்குடல் புற்றை சீதபேதியென்று எண்ணி வைத்தியம் செய்யப்பட்டு, 1923-இல் இளவயதிலேயே அவர் மறைந்தார். அந்தத் துயரமே 1954-இல் அடையாற்றில் எழுந்த நிலையத்துக்கு வித்தாயிற்று.

ஒட்டுப்புரதங்களின் விஷயத்தில் மற்றொரு திருப்பம் 2019-இல் வந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் எவால்டின் ஆய்வகத்தில் வீணா பத்மநாபன் முதலானோர், மார்புப் புற்று உயிரணுக்களிலிருந்து ஈ-கேடெரினை நீக்கிப் பார்த்தார்கள். எதிர்பார்த்தபடியே அவை சுற்றியுள்ள திசுவுக்குள் அதிகமாக ஊடுருவின. ஆனால் எதிர்பாராத வகையில், பயணத்தில் அவற்றுள் பல மடிந்தன, தூரத்து உறுப்புகளில் குடியேறியவை குறைந்தன. அந்தப் பயணத்தைத் தாங்கி உயிர் பிழைக்கவும் ஒட்டுப்புரதம் வேண்டியிருக்கிறது. சினைப்பையின் மேற்பரப்பில் சாதாரணமாக அதிகம் காணப்படாத ஈ-கேடெரின், அங்கே புற்று எழும்போது புதிதாகத் தோன்றுவதும், மார்பு முழுவதும் சிவந்து வீங்கும் கொடிய வகையில் அது குன்றாமலிருப்பதும் இதனோடு பொருந்துகின்றன. ஆகவே பிடி என்பது சில நோயில் விடப்படுகிறது. சிலவற்றில் பிடிக்கும் ஆள் மாறுகிறது. ஈ-கேடெரினுக்குப் பதிலாக, நரம்புத் திசுவுக்குரிய என்-கேடெரின் வருவது அவ்வகையே.

உயிரணு தன் அண்டைவீட்டாரைப் பற்றுவது ஒருபுறமிருக்க, தான் நிற்கும் தரையைப் பற்றுவதற்கு இன்டெகிரின் என்ற வேறொரு குடும்பம் உண்டு. அதை விளக்கிய ஹைன்ஸ், ருவோஸ்லாட்டி, ஸ்பிரிங்கர் மூவருக்கும் 2022-இல் லாஸ்கர் பரிசு கிடைத்தது. புற்று உயிரணு அனுப்பும் நுண்ணிய குமிழிகளில் எந்த இன்டெகிரின் இருக்கிறதோ அதைப் பொறுத்து, நுரையீரலோ ஈரலோ அதற்கு முன்கூட்டியே தயாராக்கப்படுகிறது என்று 2015-இல் காட்டப்பட்டது. மார்புப் புற்றால் இறந்த 735 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்த இலண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜட், விதை எங்கும் விழலாம், ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும் என்று 1889-இல் சொன்ன உவமைக்கு, மூலக்கூறு அளவில் கிடைத்த சான்று அது.

இப்போது மூத்தவளின் சொல்லுக்குத் திரும்புகிறேன். சதை எடுக்கும் ஊசியின் வழியிலே உயிரணுக்கள் தங்கி வளர்வது அறவே நிகழாதது அன்று. ஈரல் கட்டி போன்ற சிலவற்றில் அரிதாக நிகழ்வதுண்டு, அதனாலேயே அவற்றில் ஊசி போடுவதா வேண்டாமா என்று மருத்துவர் முன்னே யோசிக்கிறார்கள். விரையில் சந்தேகம் எழுந்தால் அதன் மேல் நேரே ஊசி போடாமல் தொடையிடுக்கின் வழியாக முழுவதும் எடுப்பதும் அதே ஜாக்கிரதையால்தான். மார்பு, வாய், கருப்பை வாய், இரைப்பை ஆகிய நம் ஊரில் மிகுந்த நோய்களிலோ, பரிசோதனையால் நோய் பரவி உயிர் போகிறது என்பதற்கு ஆதாரமில்லை. புறப்படத் தயாரான உயிரணு, கத்திக்காகக் காத்திருப்பதில்லை. காத்திருந்து பலன் பெறுவது நோய் ஒன்றே.

எண்ணூர் அனல்மின் நிலையத்தின் சாம்பலும், மணலி ஆலைகளின் புகையும், 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் முகத்துவாரத்தில் படிந்த எண்ணெயும் இந்நோய்களுக்குக் காரணமா என்று குப்பத்து மக்கள் கேட்கிறார்கள். காற்று மாசு நுரையீரல் புற்றை உண்டாக்கும் என்பது 2013-இல் சர்வதேச அளவில் முடிவான விஷயம். இந்தக் குப்பத்தில் இத்தனை பேர் என்று கணக்குக் கேட்டாலோ ஒரு சங்கடம் எழுகிறது. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி ஆகியவை 2011 வரை தனி நகராட்சிகள். சென்னைப் பதிவேடோ நகர எல்லையை அடிப்படையாகக் கொண்டு பிறந்தது. ஆலைகள் எழுந்து, வளர்ந்து, ஒரு தலைமுறையை வேலை வாங்கிய காலம் முழுவதும், அவற்றின் நிழலில் வாழ்ந்தவர்களின் நோய் அந்த ஏட்டுக்கு வெளியே நின்றது. மாநிலம் முழுவதற்குமான பதிவேடு 2012-இல்தான் தொடங்கிற்று. இதை நான் மிகுந்த வருத்தத்தோடு எழுதுகிறேன்.

ஆனால் கடந்தகாலம் முற்றிலும் அழிந்துவிடவில்லை. பரிசோதித்த சதையின் மெழுகுக்கட்டிகளைப் பல்லாண்டுகள் எண்ணிட்டு அடுக்கி வைப்பது நோய்க்குறியியல் துறைகளின் மரபு. எண்ணூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் கஞ்சித்தொட்டிக்கு வந்தவர்களின் இரைப்பையும் குடலும் மார்பும் அவ்வாறு அலமாரிகளில் இருக்குமாயின், அவற்றைச் சீவி, ஈ-கேடெரினுக்கும் அதன் உறவுப் புரதங்களுக்கும் சாயமேற்றி, நோயாளியின் பெயரை நீக்கி, வார்டையும் வயதையும் தொழிலையும் மட்டும் எழுதி வைத்தால், இப்பகுதியில் எவ்வகை இரைப்பைப் புற்று மிகுதி, இளவயதில் வந்த பரவு வகை எந்தெந்த வார்டுகளில் திரும்பத் திரும்ப எழுந்தது, எங்கே மரபணுப் பரிசோதனை சொல்லவேண்டும் என்பன தெரியவரும். இதற்கு வேண்டுவது எதிர்ப்பொருள் குப்பிகளும், அவற்றைக் கெடாமல் வைக்கும் குளிர்பெட்டியும், சாயமேற்றும் வேலையில் பழகிய டெக்னீஷியன் இருவரும், அலமாரியில் உறங்கும் ஆய்வேடுகளை எழுதிய மாணாக்கரைப் போன்ற சிலரும். இவ்வளவையும் ஒரே ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில், தனித் தலைப்பில், அரசு ஒதுக்கித் தருதல் கூடும்.